ஜெர்சிக்கு புதுசா வந்திருக்கீங்களா? உங்க தொகுதி நம்பரையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க

நியூஜெர்சிக்கு வந்து இறங்கினதும் சோசியல் செக்யூரிட்டி நம்பர், பேங்க் அக்கவுண்ட், லைசென்ஸ், பிள்ளைங்க ஸ்கூல் இதெல்லாம் ஆளாளுக்கு சொல்லிக் கொடுப்பாங்க. ஆனா நாம எந்த சட்டசபை தொகுதியில இருக்கோம், நமக்காக மாநிலத் தலைநகர் டிரென்டன்ல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு யாரும் சொல்றதில்ல. நமக்குத்தான் ஓட்டே இல்லையேன்னு விட்டுடறாங்க. ஓட்டு இல்லைன்னாலும் அந்த ஆபீஸ் உங்களுக்கும் சேர்த்துத்தான், தொகுதி எல்லை போடும்போது உங்க தலையையும் எண்ணித்தான் போடறாங்க. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல அமைப்பு. ஜெர்சியில மொத்தம் 40 தொகுதி. ஊர்ல ஒரு தொகுதிக்கு ஒரே எம்எல்ஏ, இங்க ஒரு தொகுதிக்கு மூணு பேர், ஒரு செனட்டர் (மேல்சபை), ரெண்டு அசெம்பிளி மெம்பர் (கீழ்சபை). ஆக மொத்தம் 120 பேர். தேர்தல் ஒற்றைப்படை வருஷத்துல வரும், 2023, 2025 அப்படி, பிரசிடெண்ட் தேர்தலோட சேராது, அதனால டிவில பெரிய சத்தம் இருக்காது.

உங்க தொகுதி எதுன்னு கண்டுபிடிக்க டவுன்ஷிப் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) பேர் தெரிஞ்சா போதும், ஏன்னா நெவார்க், ஜெர்சி சிட்டி மாதிரி பெரிய ஊரைத் தவிர ஒரு ஊரை ரெண்டா வெட்டி ரெண்டு தொகுதியில போட மாட்டாங்க. ஆனா இங்கதான் நம்ம ஆளுங்க குழம்புவாங்க. லெட்டர்ல வர்ற அட்ரஸ் போஸ்ட் ஆபீஸ் பேரு, டவுன்ஷிப் பேரு இல்ல. சோமர்செட்னு அட்ரஸ் இருந்தா நீங்க பெரும்பாலும் ஃபிராங்க்ளின் டவுன்ஷிப், ஐசெலின்னா வுட்பிரிட்ஜ், கெண்டால் பார்க்னா சவுத் பிரன்ஸ்விக். மூணும் வேற வேற தொகுதி. குப்பை எடுக்க எந்த டவுன்ஷிப் வண்டி வருதுன்னு பாருங்க, இல்லைன்னா லீஸ் பேப்பர் பாருங்க, அப்புறம் சட்டசபை வெப்சைட்ல அந்தப் பேரைப் போட்டா நம்பர் வந்துடும்.

இப்ப 17ஆம் தொகுதி கதைக்கு வரேன். பிஸ்கட்டவே, நியூ பிரன்ஸ்விக், ஃபிராங்க்ளின் இதெல்லாம் இதுல வருது, ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியும் இங்கதான், நம்ம ஆளுங்க நிறைய பேர் முதல் அபார்ட்மெண்ட் எடுக்கிற ஏரியா.

1960கள் வரைக்கும் ஜெர்சியில தொகுதியே இப்படி கிடையாது. 21 கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), கவுண்டிக்கு ஒரு செனட்டர், அவ்வளவுதான். 1960 சென்சஸ்ல கேப் மே கவுண்டியில சுமார் 48 ஆயிரம் பேர், எசெக்ஸ் கவுண்டியில 9 லட்சத்துக்கும் மேல, ஆனா ரெண்டுக்கும் ஒவ்வொரு செனட்டர்தான். 1964ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் மாநில சட்டசபையோட ரெண்டு சபையும் ஜனத்தொகைப்படிதான் இருக்கணும்னு தீர்ப்பு சொன்ன பிறகு 1966ல அரசியல் சட்டத்தை மாத்தினாங்க, 1973 தேர்தல்ல இருந்து இந்த 40 தொகுதி. 2020 கணக்குப்படி ஜெர்சி ஜனத்தொகை 92 லட்சத்து 88 ஆயிரம், நாப்பதால வகுத்தா தொகுதிக்கு சுமார் 2 லட்சத்து 32 ஆயிரம் பேர். இதுல சிட்டிசன் மட்டும்னு இல்ல, எச்1பி, ஸ்டூடண்ட், கைக்குழந்தை எல்லாரும் உண்டு. அடுத்த சென்சஸ் 2030ல வரும்போது ஃபார்ம் வந்தா தயவுசெஞ்சு தூக்கிப் போடாதீங்க.

எல்லைக்கோடு எவ்வளவு பெரிய விஷயம்னு 2001ல நல்லா தெரிஞ்சுது. அதுவரைக்கும் ஜான் லிஞ்ச் 20 வருஷமா இந்த 17ஆம் தொகுதி செனட்டர், நியூ பிரன்ஸ்விக் மேயராவும் இருந்தவர், செனட் தலைவராவும் இருந்தவர், பெரிய கை. (பிற்பாடு 2006ல ஃபெடரல் கேஸ்ல குற்றத்தை ஒத்துக்கிட்டு ஜெயிலுக்குப் போனார்.) அவர் 2001ல ஒதுங்கினார், அசெம்பிளியில இருந்த பாப் ஸ்மித் செனட்டுக்குப் போனார். அதே வருஷம் புது மேப்ல பிளெயின்ஃபீல்ட் ஊரைத் தூக்கி 22ஆம் தொகுதியில போட்டுட்டாங்க, அங்க இருந்த இன்னொரு அசெம்பிளி மெம்பர் ஜெரி கிரீனும் ஊரோட சேர்ந்து 22க்குப் போயிட்டார். ஆக ரெண்டு அசெம்பிளி சீட்டும் ஒரே நேரத்துல காலி. அப்பதான் ஃபிராங்க்ளின் டவுன்ஷிப்ல மேயரா இருந்த உபேந்திர சிவுகுலா உள்ள வந்தார். நெல்லூர்ல பிறந்தவர், படிச்சது நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல. ஜெர்சி சட்டசபைக்குப் போன முதல் இந்திய வம்சாவளிக்காரர் அவர்தான். எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் பெருமையா இருக்கும், அதோட அவர் முதல்ல டவுன்ஷிப் கவுன்சில்ல இருந்து படிப்படியா வந்தவர்ங்கிறதையும் சேர்த்தே சொல்லணும்.

2014ல அவர் யூட்டிலிட்டி போர்டுக்கு (கரண்ட், கேஸ் மாதிரி சேவைகளைக் கண்காணிக்கிற மாநில அமைப்பு) போனப்போ அந்த இடத்துக்கு ஜோ டேனியல்சன் வந்தார். இங்க சீட் காலியானா முதல்ல அந்தக் கட்சியோட கமிட்டி ஆளுங்க கூடி ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து உட்கார வச்சுடுவாங்க, தேர்தல் அப்புறம்தான். அதனால கட்சி கமிட்டி மெம்பர்ங்கிற சின்ன பதவியைக் கூட லேசா நினைக்க வேணாம். இன்னொரு சீட்ல ஜோசப் ஈகன் 2002ல இருந்து 2024 வரை, அவருக்குப் பிறகு அவர் மகன் கெவின் ஈகன்.

இதெல்லாம் நம்ம அன்றாட வாழ்க்கையில எங்க வருதுன்னு கேட்டா, கடைக்குப் போய் பாருங்க. காய்கறி வாங்கிட்டு பில்லிங்ல நிக்கும்போது பிளாஸ்டிக் பை இல்லைன்னு சொல்லுவாங்க, பெரிய மளிகைக் கடையில பேப்பர் பை கூட கிடையாது, வந்த புதுசுல எல்லாரும் வெங்காயத்தையும் தயிரையும் கையில அணைச்சுக்கிட்டே காருக்குப் போவாங்க. 2022 மே மாசம் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தை முன்னால நின்னு கொண்டுவந்தவர் நம்ம 17ஆம் தொகுதி செனட்டர் பாப் ஸ்மித், செனட்ல சுற்றுச்சூழல் கமிட்டி தலைவர். கார்ல எப்பவும் நாலு துணிப்பை போட்டு வைங்க.

எதுக்கு யார்கிட்ட போகணும்னு தெரிஞ்சுக்கோங்க. விசா, கிரீன் கார்டு, அமெரிக்கன் பாஸ்போர்ட் இதெல்லாம் ஃபெடரல், அதுக்கு உங்க காங்கிரஸ் மெம்பர் ஆபீஸ். லைசென்ஸ் மாசக்கணக்கா இழுத்தடிக்குது, வேலை போயி அன்எம்ப்ளாய்மெண்ட் பணம் நிக்குது, ஸ்டேட் டாக்ஸ் ரீஃபண்ட் வரலைன்னா அது மாநில விஷயம், தொகுதி ஆபீஸுக்கு ஃபோன் போடுங்க. நீங்க சிட்டிசனான்னு பார்த்து உதவி பண்ற இடம் இல்ல அது, அந்த ஊர்ல குடியிருந்தா போதும். கேஸ் நம்பர், லெட்டர் காப்பி எல்லாம் கையில வச்சுக்கிட்டு கூப்பிடுங்க, உங்க சார்பா பேச ஒரு அனுமதி ஃபார்ம்ல கையெழுத்து கேப்பாங்க.

ரெண்டு விஷயத்துல மட்டும் ரொம்ப ஜாக்கிரதை. 2018ல வந்த சட்டப்படி எம்விசில (லைசென்ஸ் குடுக்கிற மாநில ஆபீஸ்) லைசென்ஸ் வேலையோடயே ஓட்டர் பதிவும் சேர்ந்து நடக்கும். சிட்டிசன் இல்லாதவங்க அந்தக் கேள்வி வரும்போது நிதானமா படிச்சு இல்லைன்னு சொல்லுங்க, அவசரத்துல ஆமான்னு அமுக்கி சிட்டிசன்னு பதிவாயிட்டா பின்னாடி கிரீன் கார்டுக்கே ஆபத்து, நாட்டை விட்டு அனுப்பற அளவுக்குப் போகலாம். கிரீன் கார்டு இருக்கிறவங்களுக்கும் ஓட்டு கிடையாது, இதையும் சேர்த்துச் சொல்றேன். அடுத்தது தேர்தல் நன்கொடை. எச்1பி, எல்1, எஃப்1 விசால இருக்கிறவங்க எந்தத் தேர்தலுக்கும், டவுன்ஷிப் தேர்தலா இருந்தாலும் சரி, பணம் குடுக்கக் கூடாது, அது சட்டப்படி குத்தம். நண்பர் கூப்பிட்டார்னு ஃபண்ட்ரெய்சர் டின்னருக்கு டிக்கெட் வாங்கிடாதீங்க. கிரீன் கார்டு இருந்தா குடுக்கலாம்.

டிரென்டன்ல நடக்கிற கமிட்டி கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்துதான் இருக்கும், இன்டர்நெட்லயும் நேரடியா கேக்கலாம். உங்க பிள்ளை படிக்கிற ஸ்கூல் நிதியைப் பத்தியோ, வாடகையைப் பத்தியோ ஒரு மசோதா வந்தா நீங்க எழுதிக் குடுக்கலாம், நேர்ல போய் பேசலாம், அதுக்கு ஓட்டர் கார்டு தேவையில்ல.