மிருக வைத்திய எழுத்து: கொழும்பில் இருந்துகொண்டு எப்படித் தொடங்குவது?

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் இருக்கும் அன்ரி ஒருநாள் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினார். "பிள்ளை, பூனை சுருண்டு படுத்துக் கிடக்குது. காலமை மேல் சுட்டுது எண்டு அரைப் பரசிட்டமோல் குளிசை குடுத்தனான். இப்ப முரசெல்லாம் மண்ணிறமாக் கிடக்குது."

ஓட்டோ பிடித்து ஓடினோம். பூனை பிழைத்தது, அது அதிர்ஷ்டம். பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அதனால் அந்த மருந்து இரத்தத்தையே கெடுத்து, ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். முரசு மண்ணிறமானது அதனால்தான். ஒரு முழு 500 மில்லிகிராம் குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

ஆனால் என் மனதில் நின்றது வேறு. டொக்டர் சிங்களத்தில் பொறுமையாக விளங்கப்படுத்தினார், நான் தமிழில் சொன்னேன். கடைசியில் தந்த பராமரிப்புத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அன்ரி அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "நாளைக்கு மகன் வந்து வாசிப்பான்" என்றார்.

அந்தத் தாளைத் தமிழில் எழுத ஒருவர் வேண்டும். மிருகங்கள்மேல் பிரியமும் எழுத்தில் ஆசையும் உள்ளவருக்கு இது ஒரு வேலை. எப்படித் தொடங்குவது என்பதை நான் போன வழியிலேயே சொல்கிறேன். தவறிய இடங்களும் இதில் உண்டு.

படி 1: எது உங்கள் வேலை, எது இல்லை

இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் தரும் பீடம் ஒன்றே ஒன்று, அது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பட்டம் பெற்றவர் மிருக வைத்தியர் சபையில் பதிந்த பிறகுதான் வைத்தியம் பார்க்கலாம். நீங்கள் அந்த இடத்துக்குப் போகவில்லை. அவருக்குத் தெரிந்ததை, மிருகம் வளர்ப்பவருக்கு விளங்கும்படி எழுதப் போகிறீர்கள். அவ்வளவுதான்.

இதற்குள்ளேயே பல வகை உண்டு. கிளினிக்குகளுக்கான துண்டுப்பிரசுரம், சத்திரசிகிச்சைக்குப் பின் வீட்டில் செய்ய வேண்டியவை பற்றிய தாள், பத்திரிகைப் பத்தி, தீவனப் பை மருந்துப் பெட்டிகளின் தமிழ், மலையகத்தில் பால்மாடு வளர்ப்போருக்கான பயிற்சிக் கைநூல், ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்து மொழிபெயர்ப்பு. பத்திரிகைப் பத்தி பெயரைத் தரும், அரிசி தராது. என் வீட்டு வாடகைக்கு உதவியது மொழிபெயர்ப்பும் கைநூலும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

படி 2: ஒரு மிருகம், ஒரு கேள்வி

கொழும்பு 2018இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. நகரத்தின் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை உலவுகிறது, பேர வாவியில் கூழைக்கடா கூடு கட்டுகிறது. எழுத ஆசைப்படுகிறவர் எல்லோரும் முதலில் ஓடுவது இந்தப் பக்கம்தான். நானும் ஓடினேன். கூழைக்கடா பற்றி ஆயிரம் சொல் எழுதி வைத்திருக்கிறேன், இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

காரணம் எளிது. கூழைக்கடா பற்றிய கேள்வியோடு இரவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. குட்டி நாய் இரத்தமாகக் கழிகிறது, பூனை இரண்டு நாளாகச் சிறுநீர் கழிக்கவில்லை, நாயின் காதுக்குள் உண்ணி இருக்கிறது, நாய் பருவத்துக்கு வராமலிருக்கக் கர்ப்பத்தடை ஊசி போடலாமா? இவைதான் கேள்விகள். இவற்றில் ஒன்றை எடுங்கள். "நாய் வளர்ப்பு" என்பது தலைப்பே இல்லை. "ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, ஏன்?" என்பது தலைப்பு.

படி 3: வாசிப்பு

இலவசமாகவும் நம்பகமாகவும் கிடைப்பது எம்.எஸ்.டி. மிருக வைத்தியக் கையேடு. முதற்பதிப்பு 1955இல் வந்தது, இப்போது முழுவதும் இணையத்தில் இருக்கிறது. வைத்தியருக்கு ஒன்று, வளர்ப்பவருக்கு ஒன்று என்று இரண்டு வடிவம். வளர்ப்பவருக்கானதை முதலில் வாசியுங்கள், பிறகு அதே பக்கத்தை வைத்தியருக்கான வடிவத்தில் வாசியுங்கள். இரண்டுக்கும் நடுவில் எதை விட்டிருக்கிறார்கள், எதை எளிமையாக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு பாடம். தடுப்பூசி என்றால் உலகச் சிறுபிராணி மிருக வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டி இருக்கிறது, அதுவும் இலவசம்.

வாசிக்கும்போது "ஏன்" என்பதை விடாதீர்கள். நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 16 வாரமாகும் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப ஊசி என்று எல்லோரும் எழுதுவார்கள். மூன்று தடவை எதற்கு? காசு பறிக்கவா? அன்ரிமார் இதைத்தான் கேட்பார்கள். குட்டி பிறந்ததும் குடிக்கும் பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து வருகிறது. அது குட்டியைக் காக்கும், கூடவே ஊசியையும் வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் கரைந்துபோகும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு ஊசி தவறினாலும் அடுத்தது பிடிக்கட்டும் என்று வரிசையாகப் போடுகிறார்கள். இந்த விளக்கம் ஒரு பந்தியில் முடிந்துவிடும். ஆனால் இதை வாசித்தவர் இரண்டாவது ஊசியைத் தவறவிட மாட்டார். "கட்டாயம் போடவும்" என்று பத்துத் தடவை தடித்த எழுத்தில் அச்சடித்தாலும் அந்த வேலை நடக்காது.

படி 4: சரிபார்க்க ஒரு வைத்தியர்

இது இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள். என் முதல் கட்டுரையில் "உடல் வெப்பம் 101 பாகை ஃபாரன்ஹைட்டைத் தாண்டினால் நாய்க்குக் காய்ச்சல்" என்று எழுதியிருந்தேன். மனிதருக்கு 98.6 என்பதை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. படித்துப் பார்த்த டொக்டர் அந்த வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, "இப்படிப் பார்த்தால் என்னிடம் வரும் சுகமான நாய்கள் எல்லாவற்றுக்கும் காய்ச்சல்" என்று எழுதியிருந்தார். நாயின் சாதாரண வெப்பமே 101 முதல் 102.5 வரை. பூனையும் ஏறத்தாழ அப்படித்தான். அன்ரியின் பூனைக்கு அன்றைக்குக் காய்ச்சலே இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். பூனையைத் தொட்டால் நமக்குச் சுடத்தான் செய்யும்.

எப்படி ஒருவரைப் பிடிப்பது? உங்கள் நாயையோ பூனையையோ பார்க்கும் டொக்டரிடமே கேளுங்கள். வேலை முடிந்து எல்லோரும் மிருகங்களைத் தூக்கிக்கொண்டு வரும் பின்னேரத்தில் போய் நிற்க வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மேல் அனுப்பவும் வேண்டாம். "டொக்டர், இதில் ஐந்து இடத்தில் எனக்குச் சந்தேகம், சரியா பிழையா என்று மட்டும் சொன்னால் போதும்" என்று கேட்டு, அந்த இடங்களுக்கு இலக்கம் போட்டுக் கொடுங்கள். அவருக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் அந்த ஐந்தையும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதிக் கொடுக்க வேண்டும். கொழும்பில் இந்த மூன்று மொழி விளையாட்டுத் தெரியாமல் இந்த வேலை ஓடாது. சிங்களம் பேச்சளவில் வந்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

ஒப்புக்கொண்டவரின் பெயரைத் தாளில் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், வற்புறுத்தாதீர்கள்.

படி 5: எழுதுவது

நம் ஊர்ச் சுற்றறிக்கைத் தமிழ் எல்லோருக்கும் தெரியும். "செல்லப்பிராணிகளுக்கான தடுப்பு மருந்தேற்றல் உரிய காலவரையறைக்குள் உரிமையாளரினால் மேற்கொள்ளப்படல் வேண்டும்." இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு, மடியில் குட்டியோடு இருப்பவர் இதை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருக்கும். நான் இப்படி மாற்றுவேன்: "குட்டிக்கு ஆறு வாரம் முடிந்துவிட்டதா? இந்தக் கிழமையே முதல் ஊசிக்குக் கொண்டுபோங்கள். எல்லா ஊசியும் முடியும்வரை ரோட்டில் மற்ற நாய்கள் போகும் இடத்தில் இறக்கிவிடாதீர்கள்."

எழுதியதை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு அன்ரிக்கு வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது. அவர் "என்னது?" என்று கேட்கும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

அப்புறம், சொற்கள். இதற்கென்று ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வெறிநாய், இங்கே விசர்நாய். அங்கே கோமாரி, இங்கே கால் வாய் நோய். தெரு நாய் என்றாலும் விளங்கும், ஆனால் கட்டாக்காலி என்றால்தான் நம் காதுக்கு ஒட்டும். உண்ணியையும் தெள்ளையும் ஒன்றாக்கி "பூச்சி" என்று எழுதாதீர்கள். உண்ணி கடித்துத் தொங்கும், தெள்ளு துள்ளி ஓடும். அவை கொண்டுவரும் நோயும் வேறு, மருந்தும் வேறு. ஆங்கிலத்தில் நாய் "ஹீட்டில் இருக்கிறது" என்றால், பருவத்துக்கு வந்திருக்கிறது என்று பொருள். அதை "நாய் சூடாக இருக்கிறது" என்று மொழிபெயர்த்த தாள் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுதியவர் பாவம், மிருகம் வளர்த்ததே இல்லை போல. உங்கள் பிரியம் கைகொடுப்பது இந்த மாதிரி இடங்களில்தான். பழைய சொல் தேட வேண்டுமென்றால் வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, ஒரு காலைப்பொழுது போய் உட்காரலாம்.

படி 6: தாண்டக்கூடாத கோடு

மருந்தின் அளவை எழுதாதீர்கள். "இந்த அறிகுறி இருந்தால் இந்த நோய்தான்" என்றும் எழுதாதீர்கள். உண்ணிக் காய்ச்சலிலும் முரசு வெளிறும், குடற்புழு முற்றினாலும் வெளிறும். எது என்று இரத்தத்தைப் பார்ப்பவர் சொல்லட்டும். "முரசு வெளிறியிருந்தால் இன்றைக்கே கொண்டுபோங்கள்" என்பது வரை உங்கள் எல்லை.

விசர்நாய்க்கடி பற்றி எழுதும்போது மட்டும் தயங்காமல், கட்டளையாகவே எழுதுங்கள். கடித்த இடத்தை உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் பூசக் கூடாது. கழுவியவுடன் அரசாங்க ஆஸ்பத்திரி, அங்கே ஊசி இலவசம். அறிகுறி தொடங்கிய பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. சந்தேகத்துக்குரிய மிருகம் செத்திருந்தால், அதன் தலையைப் பரிசோதிப்பது பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். நாய்களுக்கான ஊசி பற்றிக் கேட்க, மாநகர சபையின் மிருக வைத்தியப் பிரிவு இருக்கிறது. இந்த விவரங்களை எழுதும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பழைய தாளில் இருந்து பார்த்து எழுத வேண்டாம்.

இன்னொன்று. காயப்பட்ட மிருகத்தின் படத்தைப் போட்டால் பேஸ்புக்கில் நிறையப் பேர் பகிர்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டால் உங்கள் எழுத்தை யார் வாசிப்பது?

படி 7: மாதிரிகளும் காசும்

மூன்று மாதிரி போதும்: வளர்ப்பவருக்கான ஒரு பக்கத் தாள், 600 சொல்லில் ஒரு பத்திரிகைக் கட்டுரை, ஆங்கில மூலத்தோடு ஒரு மொழிபெயர்ப்பு. மூன்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கிக் கைபேசியில் வைத்திருங்கள். கிளினிக்குக்குப் போனால் "எழுதித் தரட்டுமா?" என்று கேட்பதைவிட, அவர்கள் மேசையில் கிடக்கும் ஆங்கிலத் தாளின் தமிழை நீட்டுவது மேல். என் முதல் வேலை அப்படித்தான் கிடைத்தது. அதற்குக் காசு வாங்கவில்லை, இரண்டாவதற்கு வாங்கினேன்.

பத்திரிகைக்கு என்றால் காலம் பார்த்து அனுப்ப வேண்டும். செப்டம்பர் 28 உலக விசர்நாய்க்கடி தினம், அது லூயி பாஸ்டர் இறந்த நாள். ஒக்டோபர் 4 உலக விலங்குகள் தினம். ஒரே வாரத்துக்குள் இரண்டு வருகின்றன. ஓகஸ்டிலேயே எழுதி அனுப்பிவிடுங்கள்.

விலை பேசும்போது சொல்லுக்கு இவ்வளவு அல்லது பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி. எத்தனை தடவை திருத்தித் தருவீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். வைத்தியர் சரிபார்க்கும் கட்டணத்தை யார் கொடுப்பது என்றும் கேட்டுவிடுங்கள். ஒரு நிறுவனத்துக்கு இதைக் கேட்காமல் நாற்பது பக்கக் கைநூல் செய்து கொடுத்தேன். ஒன்பது தடவை திருத்தம் வந்தது. கடைசி மூன்றும் அட்டையில் இருந்த மாட்டின் நிறம் பற்றியவை.

படி 8: அடியில் திகதி

தாளின் கடைசி வரியில் எழுதிய மாதமும் ஆண்டும், சரிபார்த்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். வழிகாட்டிகள் மாறும், தொலைபேசி இலக்கங்கள் அதைவிட வேகமாக மாறும். பரசிட்டமோல் பற்றி நான் எழுதிய தாள் அன்ரியின் குளிர்சாதனப் பெட்டியில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதன் அடியில் திகதி இல்லை, அப்போது எனக்கு அது தெரியாது. போன மாதம் பேனையால் எழுதிவிட்டு வந்தேன்.