‘வரை’யும் ‘முதல்’உம்: விளம்பரத் தலைப்பில் சறுக்கும் இடங்கள்

ஆடி பிறந்துவிட்டால் காட்பாடி ரோட்டிலிருந்து வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் வரை ஃப்ளெக்ஸ் முளைத்துவிடும். ஜவுளியோ செருப்போ பாத்திரமோ, தலைப்பு எழுதுவது பெரும்பாலும் தொழிலுக்குப் புதியவர்கள்தான்: கடைக்காரரின் மகன், டிசைனிங் கற்கும் பையன், பிரஸ்ஸில் டைப் அடிப்பவர். முன்னால் வந்தவர்கள் செய்த அதே தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, போன் நம்பர் பிழை எல்லாம் ப்ரூஃப் பார்த்தாலே சிக்கிவிடும். சிக்காதவற்றை மட்டும் பார்ப்போம்.

‘வரை’யை எறும்பாக்குவது

“50% தள்ளுபடி” ஆள் உயரத்தில் நிற்கிறது. அதன் காலடியில் கண்ணுக்கே தெரியாமல் ஒரு “வரை”. இதைவிட எரிச்சலூட்டும் தவறு இந்தத் தொழிலில் வேறு இல்லை. பலர் இதைச் சாமர்த்தியம் என்றே நினைக்கிறார்கள்.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். கல்யாணச் சேலை எடுக்கக் குடியாத்தத்திலிருந்து நான்கு பேர் பஸ் பிடித்து லாங் பஜார் வருகிறார்கள். ஒரு மணி நேரம் பார்த்து, பிரித்து, தோளில் போட்டுப் பார்த்து முடிவுசெய்கிறார்கள். பில் போடும் இடத்தில்தான் தெரிகிறது, பட்டுக்குப் பத்து சதவீதம்தான். பாதி விலை மாடியில் கிடக்கும் பழைய ஸ்டாக்குக்கு. அங்கே எழும் வாக்குவாதத்தை வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் கேட்கிறார்கள். திட்டு வாங்குவது கவுன்டரில் நிற்கும் பெண். தலைப்பு எழுதியவர் அந்த இடத்திலேயே இல்லை.

முதலாளிக்கு இது உடனே உறைக்காது. முதல் வாரம் கூட்டம் வரும். தலைப்பு வேலை செய்கிறது என்று தோன்றும். உள்ளே வந்த தலைகளை எண்ணுகிறவர் பில்களை எண்ணுவதில்லை. இரண்டையும் தினமும் ஒரு நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். கூட்டம் ஏறி, பில் ஏறாமல் நின்றால், வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்று அர்த்தம். அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது தலைப்பை.

இதே குணம்தான் “முதல்” என்ற சொல்லுக்கும். “ஷூ ரூ.499 முதல்” என்று போட்டுவிட்டு, அந்த விலையில் 5-ம் 10-ம் சைஸ் மட்டும் வைத்திருந்தால், 8 நம்பர் கால்காரர் அடுத்த முறை நேராக ஆம்பூருக்குப் போய்விடுவார். அங்கே ஷூ செய்கிற ஊரே இருக்கிறது.

தலைப்பு எழுத உட்காரும் முன் ஸ்டாக் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தள்ளுபடியில் எத்தனை உருப்படி என்று மூன்று நான்கு வரியில் பிரித்தெழுதுங்கள். கடையில் பத்தில் மூன்று பொருளுக்காவது பொருந்தாத எண்ணைத் தலைப்பில் ஏற்றாதீர்கள். 2,000 சேலையில் 60-க்கு மட்டும் பாதி விலை, மீதிக்கு 20 சதவீதம் என்றால், தலைப்பு இப்படி வரலாம்: “ரூ.6,000 ஆரணிப் பட்டு இப்போது ரூ.4,800”. அடுத்த வரியில், “பழைய ரகம் 60 சேலை மட்டும் பாதி விலை”. சதவீதத்தை வாசகர் மனக்கணக்குப் போட வேண்டும். ரூபாயைப் பார்த்ததும் தன் பட்ஜெட்டோடு ஒப்பிட்டுவிடுவார். 60 என்ற எண், சீக்கிரம் வரவும் வைக்கிறது, ஏமாற்றத்தையும் தடுக்கிறது.

சட்டமும் இதையே கேட்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றி 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பொறுப்புத்துறப்பு வரி (‘நிபந்தனைக்கு உட்பட்டது’ போன்ற வரி) விளம்பரம் பேசும் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தமிழில் ஆசை காட்டிவிட்டு, மூலையில் நட்சத்திரம் போட்டு ஆங்கிலத்தில் நிபந்தனை எழுதுவது செல்லாது. சரக்கு குறைவென்றால் அதையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

எதுகைக்காகச் சொல் தேடுவது

“வண்ணங்களின் சங்கமம், எண்ணங்களின் சங்கீதம்.” இது பெயின்ட் கடையா, சேலைக் கடையா, ஸ்டுடியோவா? தமிழில் எதுகையும் மோனையும் தானாக வந்து விழும், அதனாலேயே ஆபத்து. ஒரு சோதனை உண்டு: கடைப் பெயரை மறைத்துவிட்டுத் தலைப்பை மட்டும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். என்ன விற்கிறார்கள் என்று சொல்ல முடியாவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பொருள் தெளிவாக இருந்து எதுகையும் அமைந்தால் நல்லது, வைத்துக்கொள்ளுங்கள்.

“தரம், நம்பிக்கை, கைராசி”

எல்லாக் கடையும் எழுதுகிறது. வேண்டாம்.

யார் படிக்கிறார் என்று பாராமல் எழுதுவது

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பவர்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள் ஏராளம். அங்கே ஒரு லாட்ஜுக்கு “சொந்த வீட்டின் சுகம்” என்று தமிழில் மட்டும் எழுதி என்ன பயன்? வாரக்கணக்கில் தங்குபவருக்குத் தெரிய வேண்டியது நாள் வாடகை, சமைக்க வசதி உண்டா, மருத்துவமனைக்கு நடந்தால் எத்தனை நிமிடம் என்பவை. அந்த மூன்றையும் வங்க மொழியிலும் இந்தியிலும் போடுங்கள். மொழிபெயர்த்ததை அந்த மொழிக்காரர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

“சர்க்கரை நோய் அடியோடு தீரும்”

1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். கடைக்காரர் வற்புறுத்தினாலும் எழுதாதீர்கள்.

சாலைக்கான தலைப்பைப் பேப்பர் தலைப்பு போல எழுதுவது

பெங்களூரு நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகிறவர் 50 மீட்டரை மூன்றே விநாடியில் கடந்துவிடுவார். ஐந்தாறு சொல்லுக்கு மேல் அவர் கண்ணில் ஏறாது. பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது நடைமுறைக் கணக்கு. 50 மீட்டருக்கு 16 அங்குலம் வேண்டும். 20 அடி அகல ஃப்ளெக்ஸில் அந்த அளவில் வரிக்குச் சுமார் 15 உருவங்கள்தான் அடங்கும். தமிழில் எழுத்தை எண்ணினால் ஏமாந்துபோவீர்கள், உருவத்தை எண்ணுங்கள். “கொண்டாட்டம்” ஆறு எழுத்து. கொம்பும் காலும் சேர்ந்து ஒன்பது இடம் பிடிக்கும். “சலுகை”க்கு நான்கு போதும்.

வரியை உடைக்கும் இடம் இன்னும் முக்கியம். “வட்டி” மேல் வரியிலும் “இல்லாத் தவணை” கீழ் வரியிலும் விழுந்தால், தூரத்திலிருந்து வருபவர் முதலில் படிப்பது “வட்டி”. முதல் இரண்டு சொல்லும் ஒரே வரியில் நிற்கட்டும்.

ஃபான்ட் மாற்றம்

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோட், அதாவது போனுக்கும் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. பல பிரஸ்களில் பாமினி போன்ற பழைய ஃபான்ட். மாற்றும்போது கொம்பு இடம் மாறும், “ஸ்ரீ” உடையும். அச்சுக்குப் போகும் இறுதி ஃபைலையே படமாகக் கேட்டு வாங்கி, தலைப்பை எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே சரி சொல்லுங்கள்.