யாழ்ப்பாணத்து வீட்டுக்கு அன்ரனா போடுவது எப்படி? பூஸ்ரர் கடைசியில்தான்

ரூபவாஹினி, நேத்ரா, வசந்தம் போன்ற சனல்களை மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்க, கூரைக்கு மேலே ஒரு நல்ல அன்ரனா போதும். கையில் இருக்கிற காசை முதலில் பைப்பிலும் வயரிலும் போடுங்கள். சிக்னலைப் பெருக்கும் பூஸ்ரரைப் பிறகு பார்க்கலாம். ஏன் என்று சொல்கிறேன்.

1. ரவர் எந்தப் பக்கம்?

ஏ9 வீதியில் கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் கொக்காவில் ரவர், அதாவது ஒளிபரப்புக் கோபுரம், நிற்கிறது. 1990 இல் சண்டையில் அழிந்து, 2011 இல் 174 மீற்றர் உயரத்தில் திரும்ப எழும்பியது. யாழ் நகரத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கு. நேர்கோட்டில் 60 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பருத்தித்துறையில் இருப்பவர்கள் ஏறக்குறையத் தெற்கே திருப்ப வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்குங்கள். அலை போகும் தூரம் கிலோமீற்றரில் வரும். ரவருக்கு 54. உங்கள் 20 அடி (6 மீற்றர்) பைப்புக்கு 10. இரண்டையும் கூட்டினால் 64. அதாவது யாழ் நகரம் சரியாக விளிம்பில் இருக்கிறது. ரவருக்குக் கிட்ட இருக்கும் சாவகச்சேரிக்காரருக்குச் சுகம். இன்னும் தள்ளி இருக்கும் ஊர்காவற்றுறைக்காரருக்கு 30 அடியும் போதாமல் போகலாம். ரீவிக்கு மேலே வைக்கிற குட்டி அன்ரனாவை இங்கே வாங்கவே வேண்டாம்.

2. எந்த அன்ரனா?

மீன்முள்ளு மாதிரிக் கம்பிகள் உள்ள யாகி அன்ரனாதான். பக்கத்து வீட்டு ரீவியில் மனுவல் ரியூனிங்கைத் திறந்து, ஒவ்வொரு சனலும் எத்தனை மெகாஹேட்ஸில் நிற்கிறது என்று எழுதி வாருங்கள். 174 முதல் 230 வரை என்றால் விஎச்எஃப் அலைவரிசை. அதற்கு முக்கால் மீற்றர் அளவு நீளக் கம்பிகள் வேண்டும். 470க்கு மேல் யூஎச்எஃப். ஒரு அடிக்கும் குறைந்த கம்பி போதும். இரண்டும் இருந்தால் இரண்டு வகைக் கம்பியும் சேர்ந்ததை வாங்குங்கள்.

'டிஜிட்டல் அன்ரனா' என்று பெட்டியில் எழுதியிருப்பதற்காகக் கூடக் காசு கொடுக்காதீர்கள். அனலாக், டிஜிட்டல் என்ற வித்தியாசம் அன்ரனாக் கம்பிக்குத் தெரியாது.

3. பைப்

ஒன்றரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், மூன்று பக்கமும் இழுவைக் கம்பி. பனையிலோ தென்னையிலோ கட்டாதீர்கள். சோளகக் காற்று அடிக்கும்போது மரம் ஆடும், படமும் ஆடும். பைப் சரிந்து விழுந்தாலும் கறண்ட் வயரில் படாத இடமாகத் தெரிவு செய்யுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

4. வயர்

75 ஓம் ஆர்ஜி-6 வயர். 20 மீற்றர் ஓடினாலே யூஎச்எஃப் சிக்னலில் பாதி போய்விடும். அதனால் சுற்றி வளைக்காமல், நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக இறக்குங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு மாரிக்குப் பிறகு படம் முழுக்கப் புள்ளி. ஒரு பின்னேரம் முழுக்க அன்ரனாவைத் திருப்பிப் பார்த்தேன், மாற்றமே இல்லை. கடைசியில் அன்ரனாவில் வயர் பூட்டும் சின்னப் பெட்டியின் மூடியைக் கழற்றினால், வயரின் பின்னல் கம்பி பச்சையாகிப் பொடிந்துபோய் இருந்தது. வயருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒரு முழம் வெட்டி எறிந்து புதிதாகப் பூட்டியதும் படம் வந்தது. அன்றிலிருந்து மூடியைச் சுற்றி சிலிக்கோன் பூசி, வயரைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுத்தான் பைப்போடு கட்டுகிறேன். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

5. திருப்புதல்

குட்டைக் கம்பிகள் உள்ள முனை கொக்காவிலைப் பார்க்க வேண்டும். ஒருவர் பைப்படியில், ஒருவர் ரீவிக்கு முன்னால், கையில் ஃபோன். ஒரு விரல்கடை திருப்பி, நிறுத்தி, கேளுங்கள். புள்ளி விழுந்தால் சிக்னல் போதாது, அன்ரனாவை உயர்த்துங்கள். ஒரே உருவம் இரண்டாகத் தெரிந்தால் அலை எதிலோ பட்டுத் திரும்பி வருகிறது. திசையைச் சற்று மாற்றுங்கள்.

6. பூஸ்ரர்

இவ்வளவுக்குப் பிறகும் புள்ளி இருந்தால் மட்டும். அன்ரனாவுக்குக் கிட்ட, பைப்பிலேயே பூட்டுகிற வகையை வாங்குங்கள். ரீவிக்குப் பின்னால் வைத்தால், வயரில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

இடி மின்னலுக்கு முன்பே வயரை ரீவியிலிருந்து கழற்றி வையுங்கள். பைப்பையும் எர்த் பண்ணுங்கள். படம் சரியாக நின்றதும் பைப்பிலும் கிளாம்பிலும் சேர்த்து ஒரு கோடு பெயின்ற் அடித்துவிடுங்கள். காற்றில் திரும்பினால் அந்தக் கோட்டைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம்.