மனைவியை நாட்டைவிட்டு அனுப்பாமல் கிரீன் கார்டு பெற்றது: என் அனுபவம்

என் மனைவி குவாத்தமாலாவில் பிறந்தவள். 7 வயதில் பெற்றோருடன் அனுமதியின்றி எல்லை கடந்து டெக்சாஸ் வந்தவள். நான் அமெரிக்கக் குடிமகன். 2019இல் ராணுவப் பணியில் இருந்தேன்.

முதலில் பார்த்த ஆலோசகர், அவள் சொந்த நாட்டுக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும் என்றார். நல்லவேளை, டிக்கெட் எடுக்கவில்லை. 18 வயதுக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றி இருந்தவர் வெளியேறினால், திரும்பி வர 10 ஆண்டுத் தடை! அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ராணுவ முகாமின் சட்ட உதவிப் பிரிவில்தான் ‘பரோல் இன் பிளேஸ்’ பற்றி அறிந்தேன். அனுமதியின்றி நுழைந்தவர் நாட்டைவிட்டு வெளியேறாமலே தற்காலிகமாகத் தங்க அரசு தரும் அனுமதி அது. படைவீரர்கள், முன்னாள் வீரர்களின் துணைவர், பெற்றோர், பிள்ளைகள் நாட்டுக்குள் இருந்தபடியே கேட்கலாம். உரிமையல்ல, அதிகாரியின் விருப்புரிமை. அதற்கான ஐ-131 படிவம், திருமணச் சான்றிதழ், என் ராணுவ அடையாள அட்டை நகல், டீர்ஸ் என்ற ராணுவக் குடும்பத்தினர் பதிவேட்டில் அவள் பெயர் இருப்பதற்கான சான்று, இரண்டு புகைப்படங்கள் கொடுத்தோம். அவளுடைய பள்ளிச் சான்றிதழ்களையும் சேர்த்தேன்.

ஓராண்டு பரோலும், அதைப் பதிவு செய்யும் ஐ-94 தாளும் கிடைத்தன. அந்தத் தாள்தான் சாவி. அனுமதியின்றி நுழைந்ததால் உள்ளிருந்தே கிரீன் கார்டு கேட்க முடியாது என்ற தடையை அது நீக்கியது. பிறகு, அவள் என் மனைவி என்று நான் கொடுத்த ஐ-130 மனு, அவளுடைய கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485. விசா காலம் முடிந்தும் தங்கியவர்களுக்கு இந்தப் பரோல் பொருந்தாது.

நேர்காணலுக்கு அவளுடன் நானும் போனேன். கிரீன் கார்டு தபாலில் வந்தது.