12% ஃபிளாட் வட்டி உண்மையில் எத்தனை சதவீதம்? ஒரு வரி ஃபார்முலாவில் கண்டுபிடிக்கலாம்

பைக் ஷோரூமில் "12 பர்சென்ட்தான் சார்" என்பார்கள். அது ஃபிளாட் வட்டி என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள். வங்கி 16 சதவீதம் சொல்கிறதே, இது மலிவாச்சே என்று கையெழுத்துப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கணக்கைப் பாருங்கள். கடன் 1,00,000 ரூபாய், 36 மாதம், 12% ஃபிளாட். வருடத்துக்கு 12,000 வீதம் மூன்று வருட வட்டி 36,000. மொத்தம் 1,36,000. அதை 36 ஆல் வகுத்தால் மாத டியூ 3,778. இதில் அசல் 2,778, வட்டி 1,000. கடைசி மாதத்தில் நீங்கள் தர வேண்டிய அசல் வெறும் 2,778தான். அதற்கும் அதே 1,000 ரூபாய் வட்டி! அசல் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும். ஃபிளாட்டில் குறையாது. எல்லாக் கோளாறும் இதில்தான்.

அதே கடனை வங்கி 16% குறையும் வட்டியில் (டிமினிஷிங்) கொடுத்தால் டியூ 3,516தான் வரும்.

படி 1. மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: கைக்கு வரும் தொகை, மாத டியூ, எத்தனை மாதம். அவர்கள் சொல்லும் வட்டி விகிதம் தேவையே இல்லை.

படி 2. கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல் திறந்து ஒரு கட்டத்தில் இதை அடியுங்கள். ஃபங்ஷன் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் (ஆர், ஏ, டி, ஈ) அடிக்க வேண்டும்:

=ரேட்(36, -3778, 100000)*12

விடை 0.212, அதாவது 21.2%. வங்கியின் 16 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

இஎம்ஐ கால்குலேட்டர் ஆப்கள் இதற்குச் சரிப்படாது. பெரும்பாலானவை வட்டியைக் கேட்டு டியூவைச் சொல்லும். நமக்கு வேண்டியது தலைகீழ்க் கணக்கு. போனில் இருக்கும் ஷீட்ஸே போதும்.

இந்தப் படியில்தான் பலரும் தடுமாறுவார்கள். காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று:

- கமா. பழக்கதோஷத்தில் 1,00,000 என்று அடித்துவிடுவோம். ஃபார்முலாவுக்குள் கமா என்றால் அடுத்த எண் தொடங்குகிறது என்று அர்த்தம். கடன் தொகையை 1 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளும். பிழை வரும், அல்லது அபத்தமான எண் வரும்.
- மைனஸ். கைக்கு வரும் பணம் பிளஸ், கையை விட்டுப் போகும் டியூ மைனஸ். இரண்டும் பிளஸ் என்றால் விடை கிடைக்காது.
- 12 ஆல் பெருக்க மறப்பது. ரேட் தருவது மாத வட்டி.
- எக்செல் விடையைச் சுருக்கிக் காட்டுவது. பெருக்காமல் பார்த்தால் 2% என்று நிற்கும். தசம இடத்தைக் கூட்டினால்தான் 1.77% தெரியும்.

அந்த 1.77-ஐ அப்படியே விட்டாலும் ஒரு பயன் உண்டு. நூற்றுக்கு மாதம் 1.77 ரூபாய், ஊர்ப்பேச்சில் ஒன்றேமுக்கால் வட்டி. ஷோரூம் கடனை அடகுக் கடையோடு ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

படி 3. பிடித்தங்களைக் கழியுங்கள். பிராசஸிங் கட்டணம் என்று 3,000 பிடித்தால் 100000 இருக்கும் இடத்தில் 97000 போடுங்கள். விடை சுமார் 23.5%. கடனோடு தலையில் கட்டும் இன்ஷூரன்ஸும் இதே கணக்குதான்.

படி 4. கேஎஃப்எஸ் எனப்படும் முக்கிய விவரத் தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு இதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதில் ஏபிஆர் என்று ஆண்டுச் செலவு விகிதம் இருக்கும். உங்கள் விடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், ஏதோ ஒரு பிடித்தம் உங்கள் கணக்கில் விட்டுப்போயிருக்கிறது. அது எது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏழு நாளோ அதற்கு மேலோ ஓடும் கடன் என்றால், யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. "இன்னைக்கே போட்டாத்தான் இந்த ரேட்" என்பதை நம்ப வேண்டாம்.

பின்சேர்க்கை 1: முன்கூட்டி முடிப்பது. ஒரு வருடம் கட்டியாயிற்று, மூன்றில் ஒரு பங்கு அசல் போயிருக்கும், மீதி 66,667 என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனால் திகைக்க வேண்டியிருக்கும். முடிக்கும்போது கணக்கு வழக்கமாகக் குறையும் வட்டியில்தான் போடப்படும். =பிவி(1.767%, 24, -3778) என்று அடித்தால் (மாத வட்டி, மீதி மாதங்கள், டியூ என்ற வரிசை; இதுவும் ஆங்கில எழுத்தில், பி, வி) மீதி அசல் 73,400-ஐ ஒட்டி வரும். அபராதக் கட்டணம் இருந்தால் அது தனி.

பின்சேர்க்கை 2: அட்வான்ஸ் டியூ. கடன் தரும் அன்றே முதல் டியூவைப் பிடித்துக்கொண்டால் ஃபார்முலாவின் கடைசியில் 0, 1 சேருங்கள்: =ரேட்(36, -3778, 100000, 0, 1)*12. 21.2 சதவீதம் 22.6 ஆகிவிடும்.

பின்சேர்க்கை 3: தண்டல். 10,000 ரூபாய் கடனில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் நூறு நாள். =ரேட்(100, -100, 8500)*30 போடுங்கள். இங்கே பெருக்க வேண்டியது 30 ஆல், ஏனென்றால் கிடைப்பது நாள் வட்டி. விடை மாதத்துக்கு 9.9%. 1,500 ரூபாய்தானே போகிறது, நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும் கடன், கிட்டத்தட்ட பத்து வட்டி.