வேலைக்கு ஈடாகத் தங்கல்: மாலை வேலையை நிறுத்திய விதம்

உணவுக்கும் படுக்கைக்கும் ஈடாக, வெளிநாட்டில் ஒரு பண்ணையில் வேலை செய்ய ஒப்புக்கொண்டிருந்தேன். நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். இந்த வகை ஏற்பாட்டில் பரவலாக உள்ள அளவுதான். போய்ச் சேர்ந்தபின் தோட்ட வேலை, விருந்தினர் அறைகளைக் கழுவும் வேலையாக மாறியது. மாலையிலும் கூப்பிட்டார்கள். தனி அறை என்றது பலர் படுக்கும் கூடமாக இருந்தது.

தொடங்கிய நேரம், முடித்த நேரம், செய்த வேலை எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துவந்தேன். உரிமையாளர் ஓய்வாக இருந்த நேரம் பார்த்து, முன்பு அவரே அனுப்பிய செய்தியையும் அந்தத் தாளையும் அருகருகே வைத்தேன். குற்றம் சாட்டவில்லை. "கூடுதல் நேரத்துக்கு விடுமுறை தருகிறீர்களா, இல்லை மாலை வேலையை நிறுத்திக்கொள்ளலாமா?" என்று மட்டும் கேட்டேன். முகம் சுளித்தார், கணக்கை மறுக்க முடியவில்லை. மாலை வேலை நின்றது. அறை மட்டும் கடைசிவரை மாறவேயில்லை.

பக்கத்து ஊரில் மலிவான விடுதியையும் பஸ் நேரத்தையும் முன்பே பார்த்துவைத்திருந்தேன். அந்தத் தைரியம் இல்லாவிட்டால் வாய் திறந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

விசாவையும் கவனியுங்கள். நியூசிலாந்து போன்ற நாடுகள், சம்பளமின்றி உணவுக்கும் தங்கலுக்கும் உழைப்பதையும் வேலையாகவே கருதுகின்றன. உரிய விசா இல்லாதவர் புகார் கொடுக்கவே தயங்குவார். அது சில உரிமையாளர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது.

தங்குவதாக ஒப்புக்கொண்ட தேதிக்கு முன்பே, உரிமையாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.