தந்த பரிசைத் தோழி திருப்பி வாங்கினால்: பெற்றோர் தவிர்க்க வேண்டியவை

"பிறந்தநாளுக்குத் தந்த கைச்சங்கிலியை அவளே திருப்பி வாங்கிட்டாள்" என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால், பிள்ளையைவிட நமக்குத்தான் கூடச் சூடேறும். அழுகை இரவுச் சாப்பாட்டோடு அடங்கிவிடும், நம் கோபம் அடங்காது. தவறுகள் அந்தக் கோபத்தில்தான் நடக்கின்றன.

உடனே மற்ற வீட்டுக்குப் போன் எடுப்பது முதலாவது. நம் திருகோணமலை சின்ன ஊர். அந்தத் தாயை நாளைக்குச் சந்தையிலோ, வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலிலோ, பின்னேரம் டச்பே கடற்கரையிலோ காணத்தான் வேண்டும். பிள்ளைகள் இரண்டு நாளில் நேசமாகிவிடுவார்கள், தாய்மார்தான் முகம் திருப்பிக்கொண்டு திரிவார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சாடைமாடையாக எழுதுவது இன்னும் மோசம்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகங்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் ஊரில் வேறொன்றுக்கும் கவனம் தேவை. தோழி வேறு சமூகத்துப் பிள்ளையாக இருந்தால், "அவங்கள் அப்படித்தான்" என்று சமையலறையில் ஒரு சொல் விழுந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளை செய்ததை ஒரு சமூகத்தின் குணமாக்கிவிடுகிறோம். என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலிலேயே பெரிய தவறு இதுதான். சங்கிலியைப் பிள்ளை மறந்தாலும் அந்தச் சொல்லை மறக்காது.

வயதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதும் தவறு. பீட்டர் பிளேக், போல் ஹாரிஸ் என்ற உளவியலாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் ஒரு பொருள் முதலில் யாரிடம் இருந்ததோ அவருக்கே சொந்தம் என்று நினைக்கும் போக்கு தெரிந்தது. கொடுத்தால் உரிமை கைமாறும் என்பது ஐந்து வயதளவில்தான் உறுதியாகப் பிடிபடுகிறது. ஆகவே நான்கு வயதுப் பிள்ளை திருப்பிக் கேட்டால் அதில் வஞ்சகம் தேடாதீர்கள். எட்டு வயதென்றால் பெரும்பாலும் அது கோபம் போட்டதன் அடையாளம். (பெரியவர்களும் பெரிதாக வேறில்லை. மீளப்பெற முடியாது என்று எழுதிக் கொடுத்த சொத்து நன்கொடைப் பத்திரத்தைக்கூட, வாங்கியவரின் பெரும் நன்றிகேட்டுக்காக நீதிமன்றம் மூலம் ரத்துச் செய்ய 2017இல் இலங்கையில் ஒரு சட்டமே வந்தது.)

"அப்ப நீயும் குடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு வா" என்று அனுப்பாதீர்கள். அதைவிடப் பெரிதாக ஒன்றை அன்றே கடையில் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். பிள்ளைக்கு வலித்தது தோழி விலகியது, அதைக் கடையில் வாங்க முடியாது. "சரி, என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். முந்தின நாள் சண்டை ஒன்று மெதுவாக வெளியே வரும். சில வேளை நம் பிள்ளையின் பங்கும் அதில் இருக்கும்.

தோழி அக்காவின் பொருளையோ அம்மாவின் நகையையோ கேட்காமல் எடுத்துத் தந்திருக்கவும் கூடும். அப்படியென்றால் அது திரும்பிப் போக வேண்டியதுதான். விலையுள்ள பொருள் வீட்டுக்கு வந்த அன்றே, "இதை உங்கட மகள் தந்தா, உங்களுக்குத் தெரியுமா?" என்று அந்தத் தாயிடம் பதமாகக் கேட்டிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திராது.

ஆனால் "தராவிட்டால் கதைக்க மாட்டேன்" என்று தருவதும் பறிப்பதுமாகத் திரும்பத் திரும்ப நடந்தால், அது மிரட்டல். அப்போது பேச வேண்டியது வகுப்பாசிரியரிடம், பிள்ளைக்குச் சொல்லிவிட்டு.